பதினொன்றாம் நம்பர் கம்பி

போன மாதம் மேலூரில் கரண்ட் போனது. அதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

கரண்ட் போவது புதிதா என்ன? ஆனால் இது போன நேரம் அப்படி. அங்கே ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. அங்கே வாசிக்க, மதுரையில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பெண்கள் பள்ளியிலிருந்து எங்களை வரவழைத்திருந்தார்கள். எங்களை என்றால், என்னையும் கஸ்தூரி டீச்சரையும். இரண்டு பேரும் மாண்டலின்.

கஸ்தூரி டீச்சர் இந்த ஜூனில்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்தார். அதுவரை எங்கள் பள்ளியில் மாண்டலின் என்றால் நான்தான். நான் மட்டும்தான். இந்த 'மட்டும்' எவ்வளவு இனிப்பான சொல் என்பது அது பறிபோன பிறகுதான் தெரிகிறது.

முதலில் கஸ்தூரி வாசித்தார். பாதியில் மைக் செத்தது. அவர் நிறுத்தவில்லை. அந்த மாண்டலின் கணீரென்று கடைசி வரிசை வரைக்கும் போனது. கை தட்டினார்கள் பாருங்கள்... அடுத்து நான். கரண்ட் இன்னும் வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஹெட்மாஸ்டரே காதருகில் கையைக் குவித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் சொன்னார். "அந்த டீச்சர் வாசிச்சது எம்புட்டு தெளிவா கேட்டுச்சு சரசு."

"அப்ப நான் வாசிச்சது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் ரெண்டாவது வரிசையிலதான இருந்தேன்... கேட்டுச்சு."

அந்த நடுவில் விட்ட இடைவெளி இருக்கிறதே, அது ஒத்தக்கடை வரைக்கும் என்னோடு வந்தது.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில், சும்மா கேட்பது போல, "நீங்க என்ன கம்பி போடுறீங்க டீச்சர்?" என்றேன்.

"பதினொண்ணுல ஆரம்பிச்சு நாப்பது வரைக்கும்."

மாண்டலின் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கம்பியின் பருமன், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் இந்த எண். செட்டில் இருப்பதிலேயே மெல்லிய கம்பியின் எண்தான் செட்டுக்கும் பெயர். எண் ஏறினால் கம்பி தடிக்கும், சத்தம் கூடும். கூடவே மாண்டலினின் மேல்பலகையை அழுத்தும் பாரமும் கூடும். கஸ்தூரியின் மாண்டலினுக்கு மேல்பலகை புடைத்த பலகை, கனமானது. என்னுடையது தட்டைப் பலகை. அப்பளம் மாதிரி மெல்லியது. ஒரு கையால் தூக்கினால் உள்ளே மரம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அதில் நான் போட்டிருந்தது பத்தாம் நம்பர்.

"நானும் பதினொண்ணு போடலாம்னு பாக்குறேன்" என்றேன்.

கஸ்தூரி தலையை ஆட்டினார். "உங்களோடதுக்கு அது வேணாம் டீச்சர். பலகை மெல்லிசு. தாங்காது. பத்தே அதுக்குப் பாரந்தான். ஒன்பது போட்டுப் பாருங்க."

ஒன்பதா? இருக்கிற சத்தத்தையும் குறைக்கச் சொல்கிறார். எனக்கு உடனே புரிந்துவிட்டது – என் சத்தம் எழும்பிவிடக் கூடாது என்று பார்க்கிறார். பொறாமை!

நம் மனதில் இருப்பதை அடுத்தவர் முகத்தில் எவ்வளவு சுலபமாகப் படித்துவிடுகிறோம் இல்லையா?

அன்று சாயங்காலமே டவுன்ஹால் ரோட்டில் பதினொன்றாம் நம்பர் செட் வாங்கினேன். மாட்டினேன். சுருதி சேர்த்தேன். முதல் மீட்டலிலேயே வீடு நிறைந்தது. அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் எழுந்து வந்தார்.

"இது உன்னோடதா?"

அந்த வாரம் நான் வகுப்பில் யாரையும் திட்டவில்லை. அம்புட்டு சந்தோஷம்.

பிறகு அடிக்கம்பி ஜிர்ர்ரென்று இரைய ஆரம்பித்தது. கம்பியில் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாவது கம்பியும் இரைந்தது. கணவர்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இங்க பாரு, இதென்ன பள்ளமா இருக்கு?" என்றார்.

ஸ்கேலை எடுத்து மேல்பலகையின் குறுக்கே வைத்தேன். நடுவில், ஸ்கேலுக்கும் பலகைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. பலகை அமுங்கி, கம்பியும் அதோடு இறங்கி, கழுத்தில் விரல் வைக்கும் மெட்டுக்கட்டைகளில் உரசுகிறது. பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று இருந்துவிட்டேன். மாண்டலினில் எட்டுக் கம்பி. எட்டின் இழுப்பையும் கூட்டிப் பார்த்திருக்க வேண்டியவள், நான்தான் கணக்கு டீச்சர்.

எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் நான் வாசிக்க வேண்டும்; அதற்கு அதிக நாள் இல்லை. மதுரையில் எனக்குத் தெரிந்து மாண்டலினின் வயிற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். யார் என்று சொல்லவும் வேண்டுமா?

துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லில் அவர் வீட்டுக்குப் போனேன். கஸ்தூரி முதல் வேலையாக எல்லாக் கம்பியையும் தளர்த்தினார். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை மேல்பலகையின் துவாரத்துக்குள் விட்டு, டார்ச் அடித்தார்.

"உள்ள பலகையத் தாங்குற குறுக்குச் சட்டம் ஒரு பக்கம் விட்டிருச்சு. நான்தான் சொன்னேன்ல டீச்சர்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொன்னார். சொல்லிவிட்டு, பசை தடவி, உள்ளே சின்னக் குச்சியை முட்டுக்கொடுத்து, "காயட்டும். தொடாதீங்க" என்றார். "நெனச்சீங்களா, நான் வேணும்னு ஒன்பது சொன்னேன்னு?"

"ஐயையோ, இல்ல" என்றேன். வேறென்ன சொல்வது?

பலகை முழுசாக நிமிரவில்லை. ஆனாலும் ஒன்பதாம் நம்பர் போட்டதும் இரைச்சல் நின்றது. விழாவில் இரண்டு பேரும் சேர்ந்தே வாசித்தோம். கஸ்தூரி மைக்கை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, தான் தள்ளி உட்கார்ந்து அடக்கி வாசித்தார். மெல்லிய கம்பியில் அந்தத் தட்டைப் பலகை எழுப்பிய நாதம் ஸ்பீக்கரில் பாலாடை மாதிரி வந்தது. இத்தனை வருஷம் என்னிடம் இருந்தது இதுதானா என்று எனக்கே ஆச்சரியம்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர், "ரெண்டும் சேந்து நல்லாருந்துச்சு" என்றார். ரெண்டும்... சரி, விடுங்கள்.

இதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்: நேற்று கஸ்தூரி ஸ்டாஃப் ரூமில் என் மாண்டலினை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"வீட்ல புள்ள தூங்குறப்ப என்னோடத எடுக்கவே முடியல டீச்சர். சத்தத்துல முழிச்சிருது. இந்த நாதம் அதுல வரவும் மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு மாத்திக்குவமா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மேலூரிலிருந்து வந்த பஸ்ஸில், ஜன்னல் கண்ணாடியில் நானே பார்த்தது.

"யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்றேன்.

நிதானமாக யோசிப்பதாக இருக்கிறேன். இவ்வளவு சுகமான யோசனை எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.