புளி போட்டுத் தேய்த்த போப்பாண்டவர் காசுகள்

ஆயுத பூஜை என்றாலே எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும். சரஸ்வதி மேல் கோபமில்லை, என் வீட்டுக்காரர் மேல்தான்.

நான் அந்தமானில், மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் மரம் அறுக்கும் மில்லில் ஃபிட்டர். மற்ற நர்ஸுகள் மெயின்லேண்டிலிருந்து புடவை வரவழைப்பார்கள். நான் பழங்காசு வரவழைத்தேன். ஆயிரத்து எழுநூறுகளின் தொடக்கத்தில், ரோமில் போப்பாண்டவர் ஆட்சியில் அடித்த செப்புக் காசுகள். தங்கமில்லை, வெள்ளியில்லை. அந்தக் காலத்து ரொட்டிக் கடையிலும் பிச்சைக்காரர் தட்டிலும் விழுந்த சில்லறை. அதனால்தான் பிடித்தது. ராஜா தொட்ட தங்கத்தைக் கும்பிட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இதற்கு யார் இருக்கிறார்கள்?

கல்கத்தாவில் ஒரு வியாபாரி ஒன்றும் இரண்டுமாகத் தபாலில் அனுப்புவார். கப்பல் வந்தால்தான் தபால். மழைக்காலத்தில் கப்பல் தள்ளிப்போனால் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. "செல்லாக்காசுக்கா இந்தப் பாடு?" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அடித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

எல்லாம் தேய்ந்த காசுகள். இரண்டரை நூற்றாண்டுக் கறுப்பு பள்ளத்தில் படிந்திருந்ததால்தான் எழுத்தே கண்ணுக்குத் தெரியும். அதில் ஒன்றை போர்ட் பிளேரில் ஒரு பாதிரியாரிடம் காட்டி அர்த்தம் கேட்டேன். ஏழைக்குக் கொடு என்று லத்தீனில் இருக்கிறதாம். வைத்திருப்பவனையே அதட்டுகிற காசு! அதைத் தினம் ஒரு தடவை எடுத்துப் பார்க்காமல் நான் டியூட்டிக்குப் போனதில்லை.

அந்த வருஷம் பூஜைக்கு முதல் நாள் எனக்குப் பகல் டியூட்டி. மில்லில் ஸ்பானர், ரம்பம் எல்லாவற்றையும் துடைத்து மினுக்கிவிட்டு வந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் குத்துவிளக்கு, செம்பு, கூடவே என் காசுகள். புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். நான் வந்தபோது பூஜைப் பலகையில் சந்தனமும் குங்குமமுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தன, நேற்று அடித்த ஒரு பைசாக்கள் மாதிரி.

"எப்படி? ஏக்தம் நயா! புத்தம் புதுசு!" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

"பஹுத் சுந்தர், தீதி!" என்று பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வேறு வாயாரப் பாராட்டினாள். நான் கத்தியதும் இரண்டு பேரும் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்கள். சாமிக்குச் சுத்தம் செய்தால் கோபப்படுகிறாளே! நல்ல எண்ணத்தில் செய்தாராம். நல்ல எண்ணத்தில் செய்த பாழுக்கு எங்கே போய் முறையிடுவது?

"விடும்மா. இந்த உப்புக் காத்துல ரெண்டு மாசத்துல தானா பச்சை பிடிச்சிரும்" என்று சமாதானம் சொன்னார்.

பிடிக்கும். அது மாயாபந்தர் பச்சை. ரோமில் எத்தனையோ ஏழைகளின் கை பட்டு ஏறிய கறுப்பு திரும்ப வருமா?

பாதிரியாரிடம் காட்டிய காசை ஓரத்து நசுங்கலை வைத்துத் தேடி எடுத்தேன். இரண்டு பக்கமும் வழவழவென்றிருந்தது. அதை வீட்டுக்காரர் கையில் வைத்து, "தேய்க்கறப்போ இதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் போய் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"எழுத்தா? இதுல எழுத்து வேற இருந்துச்சா?"