ப்ளெக்ஸில் சிரித்த முகம்

மும்பையில் என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து, காரிலேயே ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி எங்கள் ஊர் வளைவில் திரும்பியவன் சடாரென்று பிரேக்கை மிதித்தேன். கம்பத்தில் ஒரு ப்ளெக்ஸ் பேனர். மேலே சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, நடுவில் தலைநிறைய முடியோடு சிரிக்கும் ஸ்டெல்லா.

வண்டியைத் திருப்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் அவளும் பார்த்துவிட்டாள்.

"என்னாங்க, நான் செத்துட்டனா?"

நான் ரிவர்ஸ் கியரைத் தேடினேன். அவளோ கண்ணாடியை இறக்கி, அடியில் இருந்ததை நிதானமாகப் படித்தாள். 'குணமடைந்து வரும் ஸ்டெல்லாவுக்காக இன்று மாலை நன்றித் திருப்பலி. அனைவரும் வருக.'

அவள் தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"கடையில கண்ணீர் அஞ்சலி டிசைன்தான் மாமா ரெடியா இருந்துச்சு. எழுத்த மட்டும் மாத்தச் சொன்னேன். நல்லா இல்லியா?"

ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"இது உங்க போன்ல எடுத்த போட்டோவாச்சே. அவன்கிட்ட எப்படிப் போச்சு?"

நான்தான் அனுப்பினேன். டாக்டர் நம்பிக்கையில்லாமல் பேசிய அன்று, 'பேனருக்கு இத வச்சிக்கடா' என்று எழுதி அனுப்பினேன். அஞ்சலிக்கு நான் கொடுத்ததை அவன் நன்றிக்கு வைத்திருக்கிறான்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் புரிந்துவிட்டது.

"நல்ல போட்டோதான். வண்டிய எடுங்க, மாதா கோயில் பூசைக்கு நேரமாவுது" என்றாள்.

அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் மனமில்லை, பார்க்கவும் தைரியமில்லை.