ஒன்றும் சேர்க்காத தைரியராஜ்

வலப்பக்கம் நூறு சுற்று, இடப்பக்கம் நூறு சுற்று. பிளாஸ்டிக் டிரம்மில் மூங்கில் கழியை விட்டு ஒரு மணி நேரமாகக் கலக்கிக்கொண்டிருக்கிறார் தைரியராஜ். டிரம்மில் இருப்பது தண்ணீரும் ஒரு கைப்பிடிச் சாணியும். அந்தச் சாணி ஆறு மாதம் மாட்டுக் கொம்புக்குள் அடைபட்டு, மண்ணுக்கடியில் கிடந்தது.

"புத்தி இருக்கறவன் செய்யற வேலையாங்க இது? ஆனா கொடி கேக்குதே!" என்கிறார், கழியை நிறுத்தாமல்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். ஓய்வு பெற்றதும் மருங்காபுரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் வாங்கித் திராட்சை வைத்தார். உரம் இல்லை, மருந்து இல்லை. அவர் கொம்பு புதைப்பதைப் பார்த்த பக்கத்து நிலத்து உமாமகேஸ்வரி, "சிலுவை கும்பிடற வேதக்காரங்களுமா செய்வினை வைப்பீங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

சாணிக்கரைசல் தெளிக்க நாள் பார்க்க வேண்டும். அவருடைய எடமலைப்பட்டி புதூர் வீட்டில் தொங்குவதோ பங்குக் கோயில் காலண்டர். அதில் புனிதர்கள் உண்டு, கீழ்நோக்கு நாள் கிடையாது. ஆகவே காலையில் ஸ்ரீரங்கத்துக்குப் போன் போகும். அங்கே பழைய சகா ரெங்கநாதன் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பார்த்துச் சொல்வார்: "கீழ்நோக்கு நாள்தான், பேஷா தெளியும் ஓய். உங்க ஃபாதர் கேட்டா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதேயும்."

இவ்வளவு பாடும் கோயில் பூசைக்கு வைக்கும் திராட்சை ரசத்துக்காக. அதற்கு மட்டும் என்று உரிமம் வாங்கவே நாலு வருஷம் அலைந்தார். பழத்தைப் பிழிந்து ஜாடியில் ஊற்றிவிட்டால் அதோடு சரி. ஈஸ்ட் போட மாட்டார், சர்க்கரை போட மாட்டார், கெடாமலிருக்கப் போடும் பொடியைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். "ஸ்பேனரும் கையுமா இருந்தவன் நான். இப்பக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுதான் வேலை. அதுலயும் ஓவர்டைம்" என்று சிரிப்பார்.

பூசை ரசம் கலப்பில்லாத திராட்சையாக இருக்க வேண்டும், புளித்துக் காடியாகியிருக்கக் கூடாது. முதல் விதியில் தைரியராஜை அடித்துக்கொள்ள ஆளில்லை. சறுக்கியதெல்லாம் இரண்டாவதில்தான். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் பங்குச் சாமியார் ரெஜிஸ் அவருடைய ரசத்தில் ஒரு மடக்குக் குடித்தார். சாமியாரின் ஒரு கண் தானாக மூடிக்கொண்டதைக் கோயிலே பார்த்தது. பூசைக்கு உதவும் உபதேசியார் லூர்து ஓடிப்போய்க் கடை ரசத்தைக் கொண்டுவந்த பிறகுதான் பூசை நகர்ந்தது.

"என் நாக்குக்கு அது தேனாத்தாங்க இருந்துச்சு. பெத்தவன் நாக்காச்சே!" தன் மானம் போன கதையைத் தானே நடித்துக் காட்டுவதில் அவருக்குச் சலிப்பே வராது. அந்த ஜாடி முழுவதும் அவர் மனைவி பெலிண்டாவின் கையால் மாங்காய் ஊறுகாயானது. தெரு சப்புக்கொட்டியது. "இந்த வருசமும் வினிகர் உண்டுல்ல சார்?" என்று கேட்பவர்களிடம் அவர் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வெக்கையால்தான் கெட்டது என்று முடிவு கட்டி, வீட்டிலிருந்த ஒரே ஏசியைக் கழற்றித் தோட்டத்துக் கொட்டகையில் மாட்டினார். பெலிண்டா அன்றே சொல்லிவிட்டார்: "ஜாடிக்குக் குளுருது, எனக்கு வேர்க்குது. பரவால்ல. ஆனா இந்தத் தடவையும் காடியாச்சுன்னா கொடி அத்தனையும் பிடுங்கிட்டு முருங்கை வைக்கறோம்." தைரியராஜும் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து முருங்கைக்காய்ச் சாம்பார் அவருக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. குச்சியாக நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த கொடிகள். அவற்றைப் பிடுங்கிய நிலத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பு கிடையாது. இதை மட்டும் அவர் வேடிக்கையாகச் சொல்வதில்லை.

சாமியாரிடம் புது ரசப் பாட்டிலைக் கொடுக்கப் போனபோது அவர் ருசி பார்க்க மறுத்துவிட்டார். "தவக்காலத்துல பூசைக்கு வெளியே ஒரு சொட்டு தொட மாட்டேன். நீங்களே சொல்லுங்க, நல்லாருக்கா?"

"என்னைக் கேக்காதீங்க சாமி. போன வருசமும் நல்லாருக்குன்னு நான்தான் சொன்னேன்."

சாமியார் சிரித்துக்கொண்டே பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் பெரிய வியாழன் மாலை, கடை ரசத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக வைத்திருந்தார் லூர்து. தைரியராஜ் அதைப் பார்த்துவிட்டார். நற்கருணை வாங்கும் நேரம் வந்தது. கோயில் முழுக்க முழங்காலிட்டது. சாமியார் கிண்ணத்தை உயர்த்திக் குடித்தார். கண் மூடவில்லை, உதடு சுளிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்து அடிவரை குடித்துவிட்டுக் கிண்ணத்தை இறக்கியபோது, குனிந்த தலைகளுக்கு நடுவே ஆண்கள் பக்கம் ஒரே ஒரு மனிதர் குதிகாலை உயர்த்திக் கழுத்தை நீட்டி நிற்பதைக் கண்டார். உட்காருங்கள் என்று உள்ளங்கையைக் கீழே அசைத்தார்.

தைரியராஜ் உட்காரவில்லை. கண் நிறைந்திருக்க, பெண்கள் பக்கம் திரும்பி பெலிண்டாவைத் தேடிப் பிடித்து, கோயில் என்றும் பாராமல், ஆள்காட்டி விரலை உயர்த்தி 'முருங்கை கிடையாது' என்று இப்படியும் அப்படியும் ஆட்டினார்.