வெள்ளை நாடா, சிவப்பு நாடா

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம், நிலத்தையே கல்லாக்கிப் போட்டது. ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே செடி வளர்த்து விற்கும் ஒரு தோட்டத்தில் நான் வேலை செய்தேன். பனி கரைந்ததும், ரோசாச் செடிகளில் எது பிழைத்தது, எது பட்டுப்போனது என்று பார்க்கும் வேலையை முதலாளி என்னிடம் தந்தார். தண்டை நகத்தால் சுரண்ட வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, காய்ந்த கபில நிறம் என்றால் முடிந்தது. கையுறை போட்டால் நகம் வேலை செய்யாது, போடாவிட்டால் விரல் வேலை செய்யாது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது.

"அடையாளம் கட்டிவிடு" என்று வெள்ளையில் ஒரு நாடாச் சுருளும் சிவப்பில் ஒன்றும் தந்தார். எது எதற்கென்று அவர் சொல்லவில்லை. இதையும் கேட்டால் பாஷை தெரியாதவள் என்பாரே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும். நிரந்தர வேலை என்ற கடிதம் இருந்தால்தான் கொழும்பில் அக்காவோடு இருக்கும் என் மகளைக் கூப்பிட அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போடலாம். ஐந்து வயதில் விட்டுவந்த பிள்ளைக்கு அப்போது பதினொரு வயது.

செத்ததற்கு வெள்ளை, உயிருக்குச் சிவப்பு. செத்தவீட்டுக்கு வெள்ளைக்கொடி கட்டுகிற ஊரில் பிறந்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு நாள் கட்டினேன்.

மூன்றாம் நாள் போனால், சிவப்பு கட்டிய செடிகளெல்லாம் வேரோடு குப்பைமேட்டில் கிடக்கின்றன. மற்ற வேலையாட்கள் விடியவே வந்து பிடுங்கியிருந்தார்கள். பட்டவை மட்டும் வெள்ளை நாடாவோடு வரிசை குலையாமல் நின்றன. என்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

முதலாளி கத்தவில்லை. "ஏன் என்னிடம் கேட்கவில்லை?" என்றார். எங்கள் ஊரில் சாவுக்கு வெள்ளைதான் என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்தார். எல்லோருமாகத் திரும்ப நட்டோம். பாதியாவது பிழைக்கும் என்றார்கள். மாதக் கடைசியில் வந்த கடிதத்தில், இன்னும் ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் எடுத்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறு பிள்ளை. அம்மா கெதியாக் கூப்பிடுவன்."

"அவசரப்படாதேங்கோ அம்மா," என்றாள். "எனக்கு இங்க பழகிப்போச்சு."