எனக்கே தெரியாத என் காதல் தோல்வி

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கிளினிக்கில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. யார் வந்து உட்கார்ந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: "இந்த ரூம்ல பேசுனது வெளியில போகாது." சிலர் நம்புவார்கள். பலர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பெற்றோர் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்று வருடங்கள் ஆகிவிட்டன. லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் கோப்பெங், ஈப்போ என்று தாமான் தாமானாக, புதுக் குடியிருப்புகளுக்குச் சிதறிவிட்டார்கள். செய்தி மட்டும் இன்னும் அதே லயத்தில்தான் குடியிருக்கிறது. நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதும் அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் என்னிடம் வருகிறவர்களைப் பாசாரில் மீன் வாங்கும்போது பார்த்தால் நானாகச் சிரிக்க மாட்டேன். அவர்கள் சிரித்தால்தான் சிரிப்பேன். 'படிச்ச திமிரு' என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இருக்கட்டும்.

அப்படி என்னிடம் வந்தவர்களில் எங்கள் தோட்டத்து லயத்திலேயே வளர்ந்த ஒருவனும் இருந்தான். ஏர்கான் மாட்டுகிற வேலை, என் வயதுதான். (அவனும் அவன் மனைவியும் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். அவர்களுடைய அடையாளங்களை மாற்றிவிட்டேன். என் அம்மாவை மட்டும் மாற்ற முடியவில்லை.) முதல் நாள் என்னைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிப் போனான். மறுவாரம் வந்து, "எங்கம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது" என்றான். அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே நிரையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள்.

மூன்று வருடம் ஒரு மாத்திரையையும் அவன் தவறவிடவில்லை. இரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை, இப்படியே மருந்து எடுத்தால் மனைவிக்குத் தொற்றாது என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு, தான் விரும்பிய பெண்ணை அழைத்து வந்து என் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னான். எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். அவளோ டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "மருந்த காலையில சாப்புடணுமா, ராத்திரியாக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

கல்யாணப் பத்திரிகை என் அம்மாவுக்கு வந்தது, குடும்பத்தோடு வரச் சொல்லி. அம்மாவின் மகளாக மட்டும் போய், ஓரமாக உட்கார்ந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவதாகத் திட்டம். கெட்டிமேளம் கொட்டியதும் திட்டம் காற்றில் போனது. அவன் தாலி கட்டினான், எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், விம்மலாக வெடித்தது.

முன் வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை திரும்பினார். "ஏம்மா, மாப்புள்ள உனக்குப் பழக்கமா?"

எனக்கும் அவனுக்கும் பழக்கம் என்று தெரிந்தால் போதும், மிச்சத்தை இவர்களே கூட்டிக் கழித்துக்கொள்வார்கள். அவன் மூன்று வருடம் காத்ததை நான் மூன்று சொட்டுக் கண்ணீரில் கவிழ்த்துவிடப் பார்த்தேன். "யாரு தாலி கட்டுனாலும் எனக்கு அழுகை வந்துரும் அத்தே" என்று உளறினேன்.

அத்தை நம்பிவிட்டார். அம்மா நம்பவில்லை. என் சொந்த அக்கா கல்யாணத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவள் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

வீடு திரும்பக் காடியில் ஏறியதும் அம்மா தன் கைக்குட்டையை என் மடியில் வைத்தார். அதுவே பெரிய அபாயம். கோப்பெங் நெருங்கியதும் என் கையைப் பிடித்தார். "முன்னுக்கே சொல்லிருந்தா, நானே அவங்கம்மாகிட்ட பேசி முடிச்சிருப்பேன்லா."

எனக்கு விளங்கவே சிறிது நேரம் ஆனது. நான் அவனைக் காதலித்தேனாம்! 'ஐயோ, இல்லம்மா' என்று வாய்வரை வந்தது. இல்லை என்றால், பின்னே ஏன் அழுதாய் என்பார். உண்மையான காரணமோ கிளினிக் ரூமை விட்டு வெளியே வரக் கூடாதது.

"விடும்மா. நான் குடுத்து வைக்கல" என்றேன். சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதையும் அழுகை என்றே அம்மா எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம்தான், அம்மா வாயிலிருந்து தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் போய்விட்டது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. பாரிட் புந்தாரில் இருக்கும் சித்தி போன் போட்டு ஆறுதல் சொன்னார். எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். இந்த அவல் தீரும்வரை வேறு எதையும் ஒருவரும் தேடப் போவதில்லை.

அடுத்த மாதம் அவன் மருந்து வாங்க வந்தபோது மனைவியும் வந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, எங்க வீட்டுக்காரர நீங்க லவ் பண்ணீங்களாமே?"

அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து கதவைத் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அம்மாவிடம் 'நான் குடுத்து வைக்கல' என்றது வரைக்கும் சொன்னேன்.

அவள் எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள்.

"கவலப்படாதீங்கக்கா. இந்த ரூம்ல பேசுனது வெளியில போகாது."