‘மேல வா’ என்று அழைத்தவர்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது குமுதா மேடத்தின் தம்பி போன் செய்தார். “அக்கா பூட்டாங்க சார். சாலவாக்கம் ரோட்ல கல்லு லாரி அடிச்சிட்ச்சு.” ஆழ்கடலில் மூன்று பேரின் மூச்சைக் காத்தவர், சொந்த ஊர் ரோட்டில் ஸ்கூட்டியில் போகும்போது இறந்தார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மேடத்தோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும். நீர்மூழ்கியை ஓட்டுவது என் வேலை. மேலே கப்பலில் இருந்தபடி அதற்குள் காற்று கெடாமல் பார்ப்பது அவர் வேலை. காலை நீட்ட முடியாத உலோக உருண்டை அது. “கடலு கொல்றதுக்கு முன்னாடி நம்ம மூச்சே நம்மள கொன்னுடும்” என்பார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்.

முதல் பெரிய இறக்கத்துக்குக் கிளம்பிய அன்று, என் அம்மா, கோயில் கற்பூரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கே வந்துவிட்டாள். அடைத்த உருண்டைக்குள் அந்த வாடையே ஆகாது என்று மேடம் அதை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டார்.

“இன்னா யம்மா, சாமி தொணை இல்லாம எம்புள்ளய எறக்கப் போறியா?”

“சாமி எங்கூட கப்பல்ல இருக்கட்டும்மா. ரெண்டு பேருமா பாத்துக்கினு இருக்கோம்.”

அம்மா அவரிடம் அப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று கடலடி கிட்டத்தில் வந்துவிட்டது. வெளியே கும்மிருட்டு, உள்ளே குளிரில் சுவரெல்லாம் வியர்த்திருந்தது. அந்த ஆழத்துக்கு ரேடியோ எட்டாது. ஒலி மட்டும் தண்ணீர் வழியே கப்பலுக்குப் போய், பதில் மெதுவாக வரும். காற்றளவு சரியாக இருப்பதாகச் சொன்னேன்.

“தம்பி, உன் பேச்சு இழுக்குது. உள்ள காத்து கெடுது. மேல வா.”

“இன்னும் கொஞ்சம்தான் மேடம். தரை தெரியப்போவுது.”

“தரை எங்கயும் போவாது. நீ வா.”

வந்தோம். காற்றளவு காட்டும் கருவியைக் கழற்றிப் பார்த்தார்கள், பழுது ஒன்றும் இல்லை. கடலில் இறங்குவதற்கு ஏற்ற அந்தப் பருவமே வீணாயிற்று. பழியெல்லாம் அவர் தலையில் விழுந்தது; எனக்கும் கோபம்தான். “உசுரோட கீற இல்ல? அத்த வெச்சிக்கினு திட்டு” என்று சிரித்தார். அவர் கணித்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி நான் கீழேயே இருந்து பார்த்திருப்பதுதான்.

இப்போது மேலதிகாரிகள் மறுபடி இறங்கச் சொல்கிறார்கள். மேடம் இடத்துக்கு ஆள் தேவையில்லையாம். கெட்ட காற்று அளவு தாண்டினால் கருவியே மணி அடிக்குமாம். அளவு தாண்டுமுன்பே என் குரலைக் கேட்டுக் கூப்பிட ஒரு ஆள் உட்காரும்வரை இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பயந்துவிட்டான் என்கிறார்கள்.

ஆமாம், பயந்துதான் போயிருக்கிறேன். குமுதா மேடம் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பயம் ஒன்றுதான். அதை யாருக்காகவும் விடமாட்டேன்.