மூன்று மாதம் முடியும் முன் எடுத்த எக்ஸ்ரே

முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்தபோது, ஊரெல்லாம் சொல்லிக் கண்பட்டதால்தான் என்று என் மாமியார் முடிவு கட்டிவிட்டார். இரண்டாவது முறை உண்டானதும், "மூனு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று உத்தரவு. பெற்ற தாயிடம்கூட நான் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா இருமல் வரவேண்டும்? காய்ச்சல் வேறு. எங்கள் ஊர் பொந்தியான் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அப்படியும் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும் என்றார்.

"வயித்துக்குப் போற கதிர் ரொம்ப ரொம்பக் கம்மிமா. நுரையீரல்ல என்னன்னு பாக்காம விடறதுதான் ஆபத்து."

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

எக்ஸ்ரே அறை வாசலில் மாமியாரோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் அடுத்த வீட்டு அக்காவும் அங்கே இருந்தார். எக்ஸ்ரே எடுக்கும் மலாய்ப் பெண் கதவைத் திறந்து, கூடமே கேட்கும்படி மலாயில் கேட்டாள்: "மாசமா இருக்கீங்களா?"

அக்காவின் காது நீண்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "இல்ல, இல்ல!"

எனக்கு வந்ததே கோபம்! கண்ணேறு பெரிதா, என் பிள்ளை பெரிதா? உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் உண்மையைச் சொன்னேன்.

"அலமாக், ஐயோ! டாக்டர் எழுதியிருக்காரே, அதான் நானும் கேட்டேன்" என்றாள். வயிற்றைச் சுற்றி கனமான ஈயக் கவசத்தைக் கட்டிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"ஒன்னும் ஆகாதுன்னா நீங்க ஏன் ஒளியறீங்க?"

"உங்களுக்கு இன்னிக்கி ஒரு தடவைதான் லா. நான் தினமும் நாள் முழுக்க இங்கதான்."

நியாயமான பதில்தான். ஆனாலும் மனம் ஆறவில்லை. மூச்சைப் பிடி என்றாள்; பிடித்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

அப்போதுதான் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால், மாமியார். கண்ணெல்லாம் நீர்.

"என் மருமவ மாசமா இருக்கா! நான் பொய் சொல்லிட்டேன், எடுக்காதீங்க!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அடுத்த வீட்டு அக்கா எழுந்தே நின்றுவிட்டார். மாமியாருக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை.

"உள்ள சொல்லிட்டேன் அத்தை. கவசம் போட்டுத்தான் எடுத்தாங்க. புள்ளைக்கு ஒன்னும் ஆகாதாம்."

"அவங்க சொல்றத நம்பலாமா?"

"தெரியல அத்தை."

எக்ஸ்ரேயில் தெரிந்தது நிமோனியா. மருந்தில் சரியானது. மகள் பிறந்த அன்று, மாமியார் துணியை விலக்கிக் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். நான் அதற்கு முன்பே எண்ணி முடித்திருந்தேன்.